ப்ளக் பாயிண்ட் சாஸ்திரம்!

புது வீடு கட்டுகிறவனுக்கு வாஸ்து சொல்ல எட்டுத் திக்கிலிருந்தும் ஆள் வருவார்கள். "ஈசான்ய மூலையில பாத்ரூமா? ஐயையோ!" என்று பதறுகிற பெரியப்பாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், "கட்டில் பக்கத்துல செல்போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் விட்டியாப்பா?" என்று கேட்க ஒரு பெரியப்பாவாவது உண்டா? கிடையாது. அதனால்தான் நம்மூரில் முக்கால்வாசி வீடுகளில் ப்ளக் பாயிண்ட் பீரோவுக்குப் பின்னால் அஞ்ஞாத வாசம் இருக்கிறது. வீட்டுக்காரர் எக்ஸ்டென்ஷன் வயரைத் தாண்டித் தாண்டிக் குதித்து உடம்பை இளைக்கிறார்.

தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று போகிற வழியெல்லாம் இப்போது புது வீடுகள்தான். ஒரகடம் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர்கள், தாம்பரத்தில் ரயிலைப் பிடித்து சிட்டிக்குள் ஓடுகிறவர்கள் என்று கட்டுகிறவர்களில் பலரும் ஆபீஸ் ஆசாமிகள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். படப்பையில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். இந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சிமென்ட் விலை, கம்பி விலை, பேங்க் வட்டி எல்லாம் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். வயரிங் என்றால் மட்டும் ஒரே பதில்: "அதெல்லாம் எலக்ட்ரீஷியன் பாத்துப்பாருங்க!"

பார்த்துக்கொள்வார்தான். ஆனால், உங்கள் கட்டில் எந்தச் சுவரோரம் வரும், அம்மா கிரைண்டரை எங்கே வைப்பார் என்பதெல்லாம் அவருக்கு ஜோசியமா தெரியும்?

முதல் கெடு பலருக்கும் தெரிவதில்லை. தளம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே, சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும், ஃபேன் பாக்ஸும் சீலிங் பைப்பும் உள்ளே போய்விட வேண்டும். "ஹாலுக்கு இன்னொரு ஃபேன் வச்சா நல்லா இருக்குமே" என்கிற ஞானோதயம் மறுநாள் வந்தால், பைப் தளத்துக்கு வெளியேதான் ஓடும். இரண்டாவது கெடு, சுவர்ப் பூச்சு. செங்கல் சுவரில் காடி எடுத்து பைப்பையும் பாக்ஸையும் பதித்த பிறகுதான் கொத்தனார் கரண்டியைத் தொட வேண்டும்.

இந்த இரண்டாவது கெடுவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கையில் ஒரு டேப், ஒரு பெட்டி சாக்பீஸ். முக்கியமாக, அம்மாவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். தரையில் கட்டிலை வரையுங்கள். பீரோ, டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு அந்தக் கோட்டு வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க வாழ்ந்து பாருங்கள். காலையில் எழுந்து லைட் போடுவது முதல், ராத்திரி படுத்தபடியே ஃபேனைக் குறைப்பது வரை! பக்கத்து மனைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் இந்தக் கூத்து நடந்தபோது சமையலறையில் மட்டும் ஒரு மணி நேரம் போனது. "நாலு பாயிண்ட் தாராளம் சார்" என்றார் எலக்ட்ரீஷியன். அம்மா விடவில்லை. "தம்பி, மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணி சுத்தம் பண்ற மெஷின். நாலும் போச்சா? கேஸ் தீர்ந்தா கரண்ட் அடுப்பை உன் தலையிலயா வைக்கிறது?" என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் மறு பேச்சுப் பேசாமல் சாக்பீஸை வாங்கி இன்னும் மூன்று கட்டம் போட்டார்.

அந்தக் கரண்ட் அடுப்பில்தான் விஷயமே இருக்கிறது. நம்மூர் ப்ளக் இரண்டு ஜாதி. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் இழுக்கிற எதையும் சின்ன பாயிண்ட்டில் சொருகக் கூடாது. மிக்ஸி, கிரைண்டர், சாதாரண அயர்ன் பாக்ஸ் எல்லாம் தேறிவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தண்ணீரை உடனே சுட வைக்கிற 3,000 வாட் குட்டி கீசர் 13 ஆம்பியர்! உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. இவற்றுக்குப் பெரிய பாயிண்ட், ஏ.சி.க்கும் கீசருக்கும் போர்டிலிருந்தே தனி லைன்.

(இந்த உருண்டைக் கால் ப்ளக்கே வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. 1947-ல் அவன் ஊரில் சதுரக் காலுக்கு விதி போட்டு, மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டான். நாம் உருண்டையை விடவில்லை.)

வயரிலும் கவனம் தேவை. லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., பவர் பாயிண்ட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 என்பது பொதுவான கணக்கு. பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னமும் 3/20, 7/20 என்று கடை பாஷையில் பேசுவார்கள். முதல் எண் எத்தனை இழை, அடுத்தது கம்பியின் கேஜ். பயப்பட வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட காயிலாக நீங்களே கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டால் தூக்கம் நன்றாக வரும்.

அடுத்தது எங்கள் பக்கத்துச் சமாசாரம். அடையாறு ஆறு இந்த வட்டாரத்து ஏரிகளின் உபரித் தண்ணீரில்தான் உருவாகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியதை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே முடிச்சூர் பக்கம் மறுபடி முழங்கால், இடுப்பு என்று தண்ணீர். அதனால் தாழ்வான மனையில் கட்டுகிறவர்கள், பத்திரிகைப் படத்தில் வருகிற மாதிரி தரையிலிருந்து ஒரு அடியில் ப்ளக் பாயிண்ட் வைக்கிற நாகரிகத்தைத் தயவுசெய்து மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே எல்லாம் நாலு அடிக்கு மேலேயே இருக்கட்டும். கீழ் போர்ஷனுக்கும் மேல் போர்ஷனுக்கும் தனித்தனி டி.பி. பாக்ஸ் போட்டால், கீழே ஈரம் ஏறினாலும் அதை மட்டும் அணைத்துவிட்டு மேலே விளக்கு எரியவிடலாம். இன்வர்ட்டருக்கு எல்லோரும் ஒதுக்குகிற இடம் மாடிப்படிக்கு அடியில். வெள்ளத்தில் முதலில் குளிப்பது அந்த பேட்டரிதான்! காற்றோட்டமாக மாடியில் ஒரு இடம் பாருங்கள். இன்வர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால், எர்த். பச்சை வயர். கண்ணுக்குத் தெரிந்து ஒரு வேலையும் செய்யாத வயர் என்பதால், பட்ஜெட் இடித்தால் முதல் பலி அதுதான். குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டுவதற்குச் சோம்பல்பட்டு, நியூட்ரலிலேயே எர்த்தை முடிச்சுப் போடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஓடும், குறையே தெரியாது. என்றைக்காவது வெளியே போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்தால், அந்த நிமிஷமே ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், கிரைண்டர் உடம்பு அத்தனையிலும் கரண்ட் நிற்கும். ஈரக் கையோடு முதலில் தொடப்போவது யார்? சமையலறையில் இருக்கிறவர்.

"அதான் எம்.சி.பி. இருக்கே சார், ட்ரிப் ஆயிடும்" என்பார்கள். ஆகாது. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதற்கு மேல் ஓடினால்தான் கோபமே வரும். மனுஷன் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு டப்பா. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்காவது ஒழுகினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் லைனை வெட்டிவிடும். வீட்டுக்கு அந்த 30 மில்லி ஆம்பியர் ரகம்தான் வேண்டும். கடையில் 100, 300 என்றும் கொடுப்பார்கள், ஜாக்கிரதை. மாதம் ஒரு தடவை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டப்' என்று விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எர்த்தையும் மீட்டர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சதுர அடி ரேட்டுக்குக் கான்ட்ராக்ட் விடுகிறவர்கள், ரூமுக்கு எத்தனை பாயிண்ட், அதில் எத்தனை பவர் பாயிண்ட் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்குங்கள். "வயரிங் உட்பட" என்கிற ஒற்றை வரியை நம்பினால், அப்புறம் 'எக்ஸ்ட்ரா பாயிண்ட்' என்று வருகிற பில்லில்தான் மேஸ்திரி வீட்டுக் கல்யாணமே நடக்கும்!

இன்றைக்குத் தேவையில்லை, நாளைக்கு வரும் என்கிற ஐட்டங்களுக்கு வயர்கூட வேண்டாம், காலி பைப் போதும். போர்ட்டிகோவில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு ஒன்று. மொட்டை மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை சோலாருக்கு ஒன்று. 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், பைப் விடாத வீடுகளில் சுவருக்கு வெளியே வயர் தொங்க ஆரம்பித்ததைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இன்டர்நெட் கேபிளுக்கும் கேமராவுக்கும் கரண்ட் பைப்பில் இடம் கேட்காதீர்கள், அதற்குத் தனி பைப்.

எல்லாம் பதித்து முடிந்து பூச்சு ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள், டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கொடுக்கிற பிள்ளையார் படங்களுக்கெல்லாம் ஆணி அடிக்க வேண்டுமே, பைப் எந்தப் பக்கம் போகிறது என்று அப்போது தெரிய வேண்டாமா? போட்டோவை போனிலேயே வைத்திருந்தால் அடுத்த போன் மாற்றும்போது காணாமல் போகும். ப்ரிண்ட் போட்டு, பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வையுங்கள்.