கண்ணாடி சொல்வது உண்மைதானா?

கேத்தலும் கோச்சியும் – 7

ஜனவரியில் டயகமவில் சில நாட்கள் விடியும்போது லீக்ஸ் பாத்தியின்மேல் வெள்ளை படிந்திருக்கும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கும் குளிர் அது. மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் படங்கும் தலையில் கம்பளியுமாகப் பேசாமல் நடப்பார்கள். அப்படியொரு காலையில், வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, என் சின்ன நீராவி எஞ்சினை வாசல் கட்டில் எடுத்து வைத்தேன். பக்கத்துக் காம்பராப் பையன் வழக்கம்போல வந்து குந்திக்கொண்டான்.

"மாமா, தண்ணி பாதிக்கு மேல இருக்கு. பத்த வைக்கலாம்ல?"

"கண்ணாடி அப்படிச் சொல்லுது. நெசமான்னு பாத்தியா?"

எஞ்சினின் முன்பக்கத்தை விரற்கடை அளவு தூக்கினேன். பொயிலருக்குள் தண்ணீர் பின்னால் ஓடினால் கண்ணாடியில் மட்டம் ஏறவேண்டும். ஏறவில்லை. இறக்கினேன், இறங்கவுமில்லை. பையன் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். கண்ணாடிக் குழாயின் அடியில், மிளகு அளவுகூட இல்லாத ஒரு காற்றுக் குமிழி குறுக்கே உட்கார்ந்திருந்தது. கீழேயுள்ள சின்னத் திருகைத் திறந்து மூடியதும் குமிழி வெளியேறியது. தண்ணீர் சட்டென்று இறங்கிக் கால் பங்கில் நின்றது. அந்தக் கால் பங்குதான் உண்மை.

போன வாரம் பாதையையும் சக்கரங்களையும் பார்த்தோம். இந்த வாரம் பொயிலர். என்னுடைய எஞ்சின் 45 மில்லிமீற்றர் பாதையில் ஓடுவது. செப்புப் பொயிலர், காஸ் அடுப்பு. நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த ஆண்டு ராகலைக்கும் போன இரண்டரை அடிப் பாதையின் ஞாபகமாகத்தான் இந்தச் சாதியைத் தேடி வாங்கினேன். அந்தப் பாதையை 1940களிலேயே கழற்றிவிட்டார்கள். ஆனால் அங்கே ஓடிய எஞ்சினுக்கும் என் மடியில் அடங்கும் இதற்கும் பொயிலரைப் பொறுத்தவரை சட்டம் ஒன்றுதான்: நெருப்புப் படுகிற செப்பு, தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர்தான் அதைக் குளிர வைத்திருக்கிறது. தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த உலோகத்துக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது இந்தக் கண்ணாடிக் குழாய் மட்டும்தான். சின்ன எஞ்சினில் குழாயின் உட்துளை சில மில்லிமீற்றர்தான் என்பதால், தண்ணீர் தன் ஒட்டும் குணத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும். குமிழி நுழைந்தால் இடையில் மாட்டிக்கொள்ளும். பெரிய எஞ்சினில் வேறு விதமாக ஏமாற்றும். 1995 ஜூன் 16ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற கெற்றிஸ்பேர்க் ரயில்வேயின் 1278ஆம் இலக்க நீராவி எஞ்சினில் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு பிய்ந்தது. எஞ்சினில் நின்ற மூன்று பேரும் மோசமாக வெந்துபோனார்கள். பொயிலரில் தண்ணீர் குறைந்திருந்தது. அதைக் காட்டவேண்டிய கண்ணாடிக்குப் போகும் துளையைத் தண்ணீரின் உப்புப் படிவு அடைத்திருந்தது. பார்வைக்குத் தண்ணீர் இருந்தது, பொயிலரில் இல்லை.

உப்புப் படிவு என்றதும் யாழ்ப்பாணத்துக் கேத்தல்கள்தான் என் நினைவுக்கு வரும். அங்கே சுண்ணாம்புக்கல் பூமி. கிணற்றுத் தண்ணீரைச் சில மாதம் கொதிக்க வைத்தாலே கேத்தலின் அடியில் வெள்ளைத் தட்டுத் தட்டாகப் படியும். நம் மலைத் தண்ணீர் மென்மையானது. பீலித் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் நான் மழைத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். தகரக் கூரையின் முதல் மழையை ஓடவிட்டு, நன்றாகப் பெய்தபின் பிடித்து, துணியில் இருமுறை வடிகட்டி வைப்பேன். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற வாசகர்கள் வடித்த தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கே ஒரு தடவை தவறியது. சின்ன காஸ் எஞ்சின்களை நல்லவிதமாகச் செய்கிறவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள்: தண்ணீர் வற்றுவதற்கு முன்னால் காஸ் தீர்ந்துவிடும்படி இரண்டையும் அளந்திருப்பார்கள். மறதிக்காரனையும் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதை நானே முறித்தேன். ஓட்டத்தின் நடுவில் காஸ் தீர்ந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று இன்னொரு சுற்று கேட்டார்கள். கண்ணாடி அரைவாசி காட்டியது. காஸை மட்டும் நிரப்பிக்கொண்டு மறுபடி பற்றவைத்தேன். நாலைந்து நிமிடத்தில் அமுக்கமானியின் ஊசி ஏறவேண்டிய நேரத்தில் இறங்கத் தொடங்கியது. புகைக்கூண்டின் அடியில் சாயம் கொப்புளித்து, கருகிய மணம் வந்தது. காஸை மூடினேன். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிவிடலாம் என்று கை போனது. போகக்கூடாது. காய்ந்து சிவந்த உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தக் கணமே ஆவியாகும். சூட்டில் விரிந்த செப்பும் ஒரே நொடியில் சுருங்கும். தொடாமல், யாரையும் கிட்ட விடாமல், தானாக ஆற விட்டேன். அன்றிலிருந்து என் வாசலில் காஸ் நிரப்பினால் தண்ணீரும் நிரப்பவேண்டும். தண்ணீர் ஊற்றாமல் இரண்டாம் காஸ் இல்லை.

இவ்வளவு சின்னப் பொயிலரில் அப்படி என்ன பெரிய பயம் என்று சிலர் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் எஞ்சினின் வேலை அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல். அந்த அமுக்கத்தில் உள்ளே நிற்கும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ். வெளியே, நம் உயரத்தில், தண்ணீர் 95 பாகைப் பக்கத்திலேயே கொதித்துவிடும் (இங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான்). பொயிலர் பிளந்தால், கூடுதலாக நின்ற அந்த 45 பாகைச் சூடு ஒரே மூச்சில் வெளியேறவேண்டும். தண்ணீரில் கிட்டத்தட்டப் பன்னிரண்டில் ஒரு பங்கை அது ஆவியாக்கிவிடும். ஆவி, தண்ணீராக இருந்தபோது பிடித்த இடத்தைப்போல 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஒரு பிளேன்டீக் கோப்பை அளவுத் தண்ணீரிலிருந்து 25 லீற்றருக்கு மேல் கொதிநீராவி, அதுவும் பிள்ளைகளின் முகம் இருக்கிற உயரத்தில். எஞ்சின் சின்னதாக இருக்கும்போது நாம் குனிந்து பார்க்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த ஆவிக்கு வழிவிடத்தான் பொயிலரின் உச்சியில் பாதுகாப்பு வால்வு. ஒரு சுருள்வில், ஒரு குண்டு, ஒரு துளை, அவ்வளவுதான். 40 இறாத்தலில் தூக்கிக்கொண்டு சீறவேண்டும், அமுக்கம் தணிந்ததும் தானே மூடிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் தடவை அமுக்கம் ஏறும்போது எஞ்சினை நகர்த்தாமல் நிறுத்தி, வால்வு தானாகத் தூக்கும்வரை ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புக் கோட்டில் சீறி, ஊசி அதற்குமேல் போகாமல் நின்றால் வால்வும் மானியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. கோட்டைத் தாண்டினால் நெருப்பை அணைத்துவிடுவேன். பொய் சொன்னது வால்வா, மானியா என்பதை ஆறவைத்து அப்புறம் தேடலாம்.

1831 ஜூனில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், 'சார்ள்ஸ்ரனின் உற்ற நண்பன்' என்று பொருள்படும் பெயர்கொண்ட எஞ்சினில் நெருப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்பினத் தொழிலாளி. வால்வு சீறிய சத்தம் தாங்காமல் அதை அழுத்தி மூடினார் என்று சொல்கிறார்கள். பொயிலர் வெடித்தது, அவர் உயிர் போனது. சத்தத்தை நிறுத்தினால் ஆபத்து என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா? இந்தக் கதையை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும். நெருப்பின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேலையை மட்டும் காட்டிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். என் வாசலில் குந்துகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் அந்தச் சீறலைத்தான் காட்டுகிறேன். அது கெட்ட சத்தமில்லை, கேட்கவேண்டிய சத்தம்.

என் தாத்தா ஸ்டோரில் விறகு போட்டவர். கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு முன்னால் முப்பது வருஷம் நின்றிருக்கிறார். ட்ரையரில் வெப்பமானி தொங்கும். ஆனாலும் டீமேக்கர் ஐயா வந்து ஒரு பிடி தூளை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெருப்பைக் கூட்டு, குறை என்பாராம். "மானி ஒருக்கா கெட்டுப்போவும், மூக்கு ஒருக்கா சளி பிடிக்கும். ரெண்டும் ஒரே நாள்ல கெடாது" என்பார் தாத்தா. நீராவி எஞ்சினைப் பாதுகாப்பாக ஓட்டுவதைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடும்.

காஸ் விஷயத்தில் மலையகத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் பூட்டேன். கடல் மட்டத்தில் அது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழேதான் கொதிக்கும். விடிகாலைக் குளிர் நாலைந்து பாகைக்கு இறங்கும்போது தாங்கிக்குள் அதற்குத் தள்ளும் பலம் இருக்காது. சுடர் சோம்பி நீலம் இழந்து அணையும். தாங்கியைக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் போதும். அடுப்புப் பக்கத்தில் வைப்பதோ, நெருப்பைக் காட்டுவதோ கூடவே கூடாது. வெயிலுக்குக் காத்திருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

நிரப்புவது திறந்த வெளியில் மட்டும். பூட்டேன் காற்றைவிடக் கனமானது. சிந்தினால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் லயங்களில் வாசலுக்கும் குசினி அடுப்புக்கும் எத்தனை அடி? விறகுக் கங்கு இரவெல்லாம் சாம்பலுக்குள் உயிரோடு கிடக்கும். அதனால் நான் பாத்தி ஓரத்துக்கு எடுத்துப்போய் நிரப்பி, சிந்தியது கலைய ஐந்து நிமிடம் விட்டு, வேறிடத்தில் வைத்துத்தான் பற்றவைக்கிறேன். பற்றவைக்கும்போது புகைக்கூண்டுக்கு நேர் மேலே முகம் இருக்கக்கூடாது. முதல் நாலு சுற்றுக்கும் அதே விதிதான்: குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகி நிற்கும், எஞ்சின் அதைக் கொதிக்கக் கொதிக்கப் புகைக்கூண்டு வழியே துப்பும்.

எண்ணெயைப்பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் எண்ணெய் சிலிண்டருக்கு ஆகாது. நீராவிக்கென்று வரும் கெட்டி எண்ணெய்தான் ஈரமான உலோகத்தில் ஒட்டி நிற்கும்.

ஓட்டம் முடிந்து ஊசி பூச்சியத்துக்கு வந்தபின்தான் எந்த மூடியையும் தொடலாம். பிறகு ஏதாவது ஒரு வழியைத் திறந்து வைக்கவேண்டும். மூடியே ஆறவிட்டால் உள்ளே ஆவி சுருங்கி வெற்றிடமாகி, எண்ணெயைப் பொயிலருக்குள் இழுத்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்கவேண்டும். கொழும்பில் இதை மறந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டயகமவில் தளிரைக் கருக்கும் அதே உறைபனி இரவு, கண்ணாடிக் குழாயில் நின்ற தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிக் குழாயைப் பிளந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை குளிர்ந்த தண்ணீர்ச் சோதனை. 2001 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கண்காட்சித் திடலில், ஆசைக்காக வைத்திருந்த பழைய நீராவி இழுவை எஞ்சின் ஒன்று வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். தகடு தேய்ந்து மெலிந்திருந்தது, தண்ணீரும் குறைவாக இருந்தது. மெலிந்த தகட்டை வெளியே துடைத்துப் பளபளப்பாக்கலாம். அமுக்கத்தைத் தாங்குமா என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் சோதனை. புதுப் பொயிலரை வேலை அமுக்கத்தின் இரண்டு மடங்கிலும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றரை மடங்கிலும் பார்ப்பது வழக்கம். காற்றை அடித்துச் செய்யவே கூடாது. நெருக்கிய காற்று வெடிக்கும். தண்ணீரோ நெருங்காது, ஒரு மயிரிழை கசிந்தாலே அமுக்கம் விழுந்துவிடும்.

இந்த வருஷச் சோதனையை அந்த ஜனவரிக் காலையிலேயே வைத்துக்கொண்டோம். நெருப்பு வேண்டாம் என்றதும் பையனுக்கு முகம் வாடியது. பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் அடைப்பானை வைத்தோம். காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் நிரப்பினோம். எஞ்சினின் மானியோடு, கடன் வாங்கிய இரண்டாவது மானியையும் பொருத்தினேன். கைப்பம்பை அவன்தான் அடித்தான். முப்பது, நாற்பது, ஐம்பது. அறுபதுக்கு ஐந்து குறைய இருக்கும்போது வால்வு உட்காரும் பித்தளைக் கழுத்தோரம் ஒரு நீர்த்துளி துளிர்த்தது. கண்ணில் ததும்புவதுபோல நின்று, பிறகு வழிந்தது. அமுக்கத்தை இறக்கி, அடைப்பானின் வளையத்தை மாற்றி, செப்பையும் பற்றாசையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தோம்.

அறுபது. இரண்டு மானியும் அறுபது. போனில் இருபது நிமிடம் வைத்தேன்.

"மாமா, ஊசி அசையவே இல்ல."

"இன்னும் பதினொரு நிமிசம் இருக்கு. மத்த மானியையும் பாரு."

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றை விட்டு மற்றதைப் பார்க்கத் தொடங்கினான்.

(தொடரும்)