வில்லும் இலச்சினையும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை அடைவோர், சங்ககாலத்தில் இரண்டு விற்கள் உரிமை கொண்டாடிய மண்ணில் நிற்கின்றனர். ஒன்று கொல்லிமலைத் தலைவனின் பெயரோடு ஒட்டிய வில்; மற்றொன்று சேரரின் சின்னமான வில்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரிக்கு ‘வல்வில்’ என்னும் அடைமொழி அவனது கைத்திறனால் வாய்த்தது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். சேரரின் வில்லோ வேறு வகையினது. அதனைச் சின்னமாகக் கொண்ட அரசன் விற்போரில் வல்லவனாக இருக்க வேண்டியதில்லை. ஆட்சி யாருடையது என்பதை அப்பொறியே அறிவித்துவிடும். கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் உள்ளன. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்ததை அகநானூறு கூறுகிறது. ‘கொல்லிப்புறை’ என்று எழுத்துப் பொறித்த சேரர் காசும் கிடைத்துள்ளது.

பொறித்த வில்லுக்கும் ஒரு தாழ்வு வந்தது. சோழர் தம் செப்பேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, அதன் முனைகள் கூடுமிடத்தில் அரச முத்திரையைப் பதித்தனர். வளையத்தை உடைக்காமல் ஓர் ஏட்டையும் நீக்கவோ சேர்க்கவோ இயலாது. எனவே முத்திரை அழகுக்கு வைத்ததன்று, ஆவணத்தின் பூட்டு. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் வெண்கொற்றக் குடையின் கீழ்ப் புலி அமர்ந்திருக்கிறது, பக்கத்தில் இரு கயல்கள், கீழே வில். பாண்டியரும் சேரரும் தமக்கு அடங்கினர் என்பதைச் சொல்லின்றி உணர்த்தும் உருவம் அது. தோற்றவர் சின்னத்தை அழிக்காமல் தம் சின்னத்தின் அருகே வைத்துக்கொண்டதில்தான் வென்றவரின் பெருமிதம் வெளிப்படுகிறது.

1949ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு அரசுச் சின்னம் வரையப்பட்டபோது வில், புலி, கயல் மூன்றும் அதில் இடம்பெறவில்லை. ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் தோற்றவையாகிவிடும் அல்லவா? மதுரை ஓவியர் கிருஷ்ணா ராவ் கோபுரத்தை வரைந்தார். அதன் முன்னே அசோகரின் சிங்கத் தலைத்தூண், இருமருங்கிலும் தேசியக்கொடி. ‘வாய்மையே வெல்லும்’ என்னும் தமிழ்த் தொடர் பின்னர் இடம்பெற்றது. அக்கோபுரம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பலரின் கருத்து. மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உளர்.

ஓரிக்குச் செம்மேட்டில் சிலை உண்டு. ஆடித் திங்களில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது.