நாலு மருந்து எதற்கு, தம்பி?

முதலில் டீயைக் குடி. ஒரே நோய்க்கு நாலு மருந்து எதற்கு, இருமல் நின்றாலும் ஆறு மாதம் எதற்கு என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. அவசரமில்லாமல் சொல்கிறேன்.

நுரையீரலில் காசநோய் அரித்த ஒரு குழிக்குள் 10 கோடிக் கிருமிகள் வரை இருக்கலாம். அவை பெருகும்போது, ஏறக்குறைய 10 லட்சத்துக்கு ஒன்று ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காததாகத் தானாகவே பிறந்துவிடுகிறது. மருந்து சாப்பிட்டு வந்ததல்ல, முன்பே அங்கே இருப்பது. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும். மிஞ்சிய நூறு கிருமி பெருகும், நோய் திரும்பும், இந்த முறை அந்த மருந்து பலிக்காது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது ஏறக்குறைய 10 கோடிக்கு ஒன்று. இரண்டுக்குமே அடங்காத கிருமி கோடி கோடிக்கு ஒன்றுதான் வரும். அவ்வளவு கிருமி எவர் உடம்பிலும் இல்லை. கூட்டு மருந்தின் பலமே இந்தப் பெருக்கல்தான்.

இதை நோயாளிகள் பட்ட பாட்டிலிருந்துதான் மருத்துவ உலகம் கற்றது. 1943-ல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டனில், சில மாதம் தேறிய பலர் மறுபடி படுக்கையில் விழுந்தார்கள். பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்த பிறகே கிருமி மருந்தை மீறுவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த பெரிய பாடம் நம் சென்னையில் கிடைத்தது. எனக்கு இதில் பெருமை உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் அவரோடு இருந்தவர்களும், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஐசோனியசிடும் பாஸும் ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகக் குணமானார்கள்; அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான், மலைக்காற்றும் மாதக்கணக்கில் படுக்கையும் வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் தளர்ந்தது. இன்றைக்கு நீ மாத்திரையோடு வேலைக்குப் போக முடிவது அதனால்தான்.

சரி, ஆறு மாதம் ஏன்? வயலில் கோரையை மேலாக அறுத்தால் பச்சை மறையும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். வேகமாகப் பெருகும் கிருமியை ஐசோனியசிட் முதல் நாட்களிலேயே கொன்றுவிடும். இருமல் குறையும், எடை ஏறும். உறங்கிக் கிடப்பவை அசையாமல் இருக்கும். அமிலச் சூழலில் பதுங்கியவற்றைப் பைரசினமைடும், அவ்வப்போது கண்விழிப்பவற்றை ரிஃபாம்பிசினும் பிடிக்க மாதங்கள் ஆகும். எதம்பியூட்டால் மற்ற மருந்துகளுக்குக் காவல். முதல் இரண்டு மாதம் நாலும், பிறகு நாலு மாதம் பைரசினமைடு தவிர்த்த மூன்றும். உடம்பு தேறிவிட்டதே என்று மூன்றாம் மாதம் நிறுத்துகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் பயப்படாதே, ரிஃபாம்பிசின் நிறம் அது. ஓயாத வாந்தி, கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் குழம்புவது என்று எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உண்டா? அதையும் கூட்டிப் போய்க் காட்டு. நோய் இல்லை என்றாலும் தடுப்பு மாத்திரை தருவார்கள்.