‘மிஸ்ஸிங்’ அடிக்கும் பழைய கார்... தரையில் எண்ணெய்க் கறை... பணத்தைக் கொட்டும் முன் இதைப் பாருங்கள்!

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் ரயில் பிடிக்க வேண்டும் என்றாலும் முதலில் சாலையில்தான் போக வேண்டும். ‘ஆரணி ரோடு’ என்று பெயர் வைத்திருக்கும் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, களம்பூரில் இருக்கிறது. நெய்த சேலைகளோடு காஞ்சிபுரம் போவது, உடம்புக்கு முடியாதவர்களை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பெண் பார்க்கப் போவது, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவது என எல்லாமே சாலை வழிதான். இப்படிப்பட்ட ஊரில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கார் பந்தாவுக்கான பொருள் அல்ல. அவசரத்துக்கு உதவும் வீட்டு ஆள் மாதிரி.

அந்தப் பழைய காருக்கு வரும் வியாதிகளில் இரண்டு ரொம்பப் பிரபலம். ஒன்று, இன்ஜின் ‘மிஸ்ஸிங்’. இன்னொன்று, ஆயில் லீக். இரண்டிலும் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். காரணம் தெரியாமலே பாகங்களை மாற்றுவது. பிளக் மாற்று, சரியாகவில்லையா, காயில் மாற்று. அதுவும் இல்லையா, கார்பரேட்டர் மாற்று என்று பில் ஏறிக்கொண்டே போகும். வியாதி அப்படியே இருக்கும். தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால், நெசவாளர் தறியையே மாற்றுவதில்லை. எந்த இழை என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். இன்ஜினுக்கும் அதே வழிதான்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து, அழுத்தப்பட்டு, சரியான நேரத்தில் பிளக்கின் தீப்பொறியால் எரிய வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டரில் இது நடக்காமல் போவதுதான் மிஸ்ஸிங். வண்டி குலுங்கும், பிக்கப் இருக்காது, சைலன்சரில் ‘பொட் பொட்’ சத்தம் வரும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர்கள். அதில் ஒன்று நின்றால் இன்ஜின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற நான்கு சிலிண்டர் கார்களில் கால் பங்கு போகும். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. அதனால், கடைசியாக வந்த வண்டிக்கும் இன்று வயது பத்தைத் தாண்டிவிட்டது.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே கவனிக்க வேண்டியது, மிஸ்ஸிங் எந்த நேரத்தில் வருகிறது என்பதை.

* காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இருந்து, சூடானதும் சரியாகிறதா? சோக், கார்பரேட்டர் பக்கம் சந்தேகம்.
* நின்றபடி ஓடும்போது மட்டும் இருந்து, வேகம் எடுத்ததும் மறைகிறதா? எங்கோ ஒரு வேக்குவம் குழாய் விரிசல் விட்டு, கூடுதல் காற்று உள்ளே போகலாம்.
* சமதளத்தில் நன்றாக ஓடி, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது மட்டும் திணறுகிறதா? தீப்பொறி பலவீனமாக இருக்கலாம். அல்லது பெட்ரோல் போதுமான அளவு வராமல் இருக்கலாம்.
* ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வருகிறதா? பிளக் ஒயரிலோ, டெல்கோ எனப்படும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியிலோ ஈரம் இறங்குகிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயர் மேல் நீல நிறப் பொறி ஊர்ந்தால் குற்றவாளி அகப்பட்டது.

எந்த சிலிண்டர்?

கார்பரேட்டர் வைத்த பழைய கார்களில் இதற்கு எளிய சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் தடுமாறும். எந்த ஒயரைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. ஆனால், அந்த ஒயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். எனவே ரப்பர் பிடி போட்ட கருவியோடு, அனுபவமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் முயற்சி வேண்டாம்.

எம்.பி.எஃப்.ஐ கார்களில் இப்படி ஒயரைப் பிடுங்கவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். ஸ்கேனர் மாட்ட முடிகிற வண்டிகளில் P0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், P0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் இருந்தால், இரண்டாவதில் உள்ளதை மூன்றாவதில் மாட்டிப் பார்க்கலாம். குறியீடு P0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். மாறாமல் இருந்தால், புது காயிலுக்கான காசு மிச்சம்.

பிளக் சொல்லும் ஜாதகம்

கழற்றிய பிளக்கின் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். காய்ந்த கரி மாதிரி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் அங்கே தீப்பொறி வரவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது. எனவே, பிளக்குகளை வரிசை மாறாமல் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். எது எந்த சிலிண்டருடையது என்று தெரியாவிட்டால் இந்த ஜாதகம் பயன்படாது.

தீப்பொறி சரியாக இருந்தால், அடுத்தது பெட்ரோல். பழைய டேங்கின் துரு, அடைத்த ஃபில்டர், அடியில் தேங்கிய தண்ணீர் என்று காரணங்கள் பல. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பழைய கார்களின் சில ரப்பர் பாகங்களையும் பேக்கிங்குகளையும் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் சொல்லியிருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிக்கு இது கூடுதல் பிரச்னை.

தீப்பொறி, பெட்ரோல் இரண்டும் சரி என்றால் கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடவில்லை என்றால் வால்வு பக்கம் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் குறைவாக இருந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம். இந்தச் சோதனை செய்யாமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள்.

சொட்டு விழும் இடம் கசியும் இடம் அல்ல

ஆயில் லீக் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே டேப்பட் கவரில் கசிந்த எண்ணெய், பின்பக்கம் அடியில் சொட்டும். ‘ஆயில் சம்ப் பேக்கிங் போச்சு’ என்று அதை மாற்றினால் மறுநாளும் சொட்டும். இன்ஜினில் ஈரமாக இருக்கும் இடங்களில் எது மேலே இருக்கிறதோ, எது முன்னால் இருக்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.

முதலில் சொட்டுவது என்ன என்று தெரிய வேண்டும். ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையை விரியுங்கள். காலையில் பழுப்பு, கறுப்புக் கறை என்றால் இன்ஜின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டர் கூலன்ட். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். ஏசி போட்ட காரில் நிறமில்லாத தண்ணீர் விழுந்தால் கவலை வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் வழவழப்பான ஈரம் தெரிந்தால், அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்கவே கூடாது.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்தால், ஆறிய இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்துக் காயவையுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் இறங்கிய கோடு பளிச்சென்று தெரியும். டேப்பட் கவர் பேக்கிங், டெல்கோ அடியில் உள்ள வளையம், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர் ஆகியவை செலவு குறைந்தவை. கிராங்கின் பின்பக்க சீல் என்றால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் விலை கொஞ்சம், கூலிதான் அதிகம்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். அதன் பழைய 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி நிறுவனத்தின் வடிவமைப்பு. மூல வடிவமைப்பில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு மரைதான் உண்டு. அங்கே லேசாகச் சொட்டுவது அதன் பிறவிக் குணம். அளவு கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒரே வியாதியாக இருக்கலாம்!

மிஸ்ஸிங்கும் லீக்கும் சேர்ந்தே வந்தால், தனித்தனியாகச் செலவு செய்யும் முன் யோசியுங்கள். சில இன்ஜின்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கும். டேப்பட் கவர் பேக்கிங் போனால் எண்ணெய் அந்தக் குழியில் தேங்கி, தீப்பொறியைக் கெடுக்கும். கார்பரேட்டர் மாருதி 800-ல் டெல்கோ, கேம் ஷாஃப்டோடு இணைந்தது. அங்குள்ள சீல் போனால் எண்ணெய் டெல்கோவுக்குள் புகும். இரண்டிலும் புது பிளக் போட்டால் சில நாள் ஓடும், பிறகு பழைய கதைதான்.

இன்னொன்று, இன்ஜினின் உள் காற்று வெளியேறும் பிரீதர் குழாய். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எல்லா சீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். ஒரு சீலை மாற்றினால் அடுத்தது கசியும். குழாயைச் சுத்தம் செய்தாலே பாதி லீக் நின்றுவிடுவது உண்டு.

தலைகீழாகவும் நடக்கும். மிஸ்ஸாகும் சிலிண்டரில் எரியாத பெட்ரோல், சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் தேயும். டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் மிஸ்ஸிங்கைச் சரிசெய்துவிட்டு, ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

* சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ‘பங்க் வரை போய்விடலாம்’ என்று ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யும் செலவு, காரின் விலையையே தாண்டலாம்.
* செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டுங்கள்.
* பானெட்டில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, சூடான சைலன்சர் பைப் மேல் எண்ணெய் சொட்டிப் புகைந்தாலோ எல்லோரும் இறங்கிவிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து.
* ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் நுரை இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

சொந்த உபயோக கார்களுக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி பார்த்து, ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. மிஸ்ஸாகும் இன்ஜின், புகைச் சோதனையில் தேறுவது கஷ்டம். கடைசி நேரத்தில் ஓடினால் அவசரத்தில் கேட்ட காசைக் கொடுக்க வேண்டி வரும்.

எனவே வாரம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜின் ஆறியபின் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மெக்கானிக்கிடம் போனால், ‘எதை மாத்தணும்?’ என்று கேட்காதீர்கள். ‘எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பிளக்கையோ, பவுடர் கோட்டையோ உங்களிடமே காட்டுவார்.