புதிய திண்மநிலை வட்டை இயங்குதளம் இனங்காணாமை

திண்மநிலை வட்டு அல்லது எஸ்.எஸ்.டி என்பது நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கருவியாகும். வட்டு எனப்பட்டாலும் வன்தட்டில் உள்ளதுபோல் சுழலும் தட்டு எதுவும் இதில் இல்லை. கணினியில் புதிதாகப் பொருத்திய இவ்வட்டு இயங்குதளத்தில் தென்படாதிருப்பது அடிக்கடி நேரும் சிக்கலாகும். பல வேளைகளில் வட்டில் பழுது எதுவும் இருப்பதில்லை.

முதற்சோதனை

கணினியைத் தொடக்கும்போது பயோஸ் அல்லது யூ.இ.எஃப்.ஐ அமைப்புத் திரையில் வட்டின் பெயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் இணைப்பு பெரும்பாலும் சரியாகவே உள்ளது. குறையை இயங்குதளத்தில் தேடலாம். இல்லையெனில் கணினியை அணைத்து இணைப்பை ஆராய வேண்டும்.

இணைப்பு

2.5 அங்குல சாட்டா வட்டுக்குத் தரவு வடம், மின்வடம் இரண்டும் தேவை. எம்.2 அட்டைகளில் சாட்டா, என்.வி.எம்.இ என இரு வகைகள் உண்டு. பொருத்துவாய் ஒன்றுபோல் தோன்றினும், சாட்டாவை மட்டும் ஏற்கும் வாய் என்.வி.எம்.இ அட்டையை அறியாது. சில தாய்ப்பலகைகளில் எம்.2 வாயைப் பயன்படுத்தினால் சாட்டா வாய்களுள் ஒன்றோ இரண்டோ செயலிழக்கும். எனவே புதிய வட்டு தெரிந்து பழைய வன்தட்டு மறைந்தால் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பது நன்று.

பகிர்வும் வடிவமைப்பும்

புதிய வட்டில் பொதுவாகப் பகிர்வு அட்டவணை இராது. விண்டோசின் கோப்பு உலாவி, எழுத்து ஒதுக்கப்பட்ட பகிர்வுகளையே காட்டும். வெற்று வட்டைக் காட்டாது. அதனை வட்டு மேலாண்மைக் கருவியில் காணலாம். அங்கு வட்டைத் துவக்கி, பகிர்வு உருவாக்கி, பார்மட் எனப்படும் வடிவமைப்பைச் செய்ய வேண்டும். அட்டவணை வகையாக ஜி.பி.டி-யைத் தேர்வது பொருத்தம். பழைய எம்.பி.ஆர் முறை, 512 பைட்டு பிரிவுகள் கொண்ட வட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டு வரையே கையாளும்.

இச்செயல்முறை வெற்று வட்டுக்கு மட்டுமே உரியது. வேறு கணினியில் பயன்படுத்திய வட்டைப் பொருத்தும்போதும் விண்டோசு அதனை வடிவமைக்குமாறு கேட்கக்கூடும், உடன்படலாகாது. வன்தட்டில் விரைவு வடிவமைப்புக்குப் பின்னரும் தரவு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். திண்மநிலை வட்டிலோ டிரிம் என்னும் கட்டளை சென்று பழைய தரவு விடுவிக்கப்படுவதால், மீட்பது பெரும்பாலும் இயலாது. இரு வட்டுகள் உள்ள கணினியில் கொள்ளளவை ஒப்பிட்டு உரிய வட்டை உறுதிசெய்த பின்னரே தொடர வேண்டும்.

நிறுவலின்போது

2009 இல் வெளியான விண்டோசு 7, 2011 இல் வெளியான என்.வி.எம்.இ தரத்துக்கு முந்தையது. ஆதலால் அதன் மூல நிறுவல் வட்டில் இதற்கான இயக்கி இல்லை. 2013 இல் வந்த விண்டோசு 8.1 இல் அது உண்டு. இன்டெல் 11 ஆம் தலைமுறை முதலான மடிக்கணினிகள் பலவற்றில் வி.எம்.டி என்னும் அமைப்பு இயங்குவதால், விண்டோசு நிறுவி வட்டைக் காட்டாமல் போகலாம். உரிய இயக்கியை யூ.எஸ்.பி வழியாக ஏற்றினால் வட்டு தென்படும். வி.எம்.டி-யை அணைப்பதும் ஒரு வழியே. ஆயினும் அதே கணினியில் முன்பே நிறுவிய விண்டோசு அதன்பின் தொடங்காமல் போகக்கூடும்.