லிங்கின் பார்க் புது ஆல்பம்: "செஸ்டர் இல்லாம என்ன பாட்டு?" - ரசிகர்கள் ஏன் ரெண்டா பிரிஞ்சு நிக்குறாங்க?

புதுச்சேரி - கடலூர் ரோட்டுல தவளக்குப்பத்துல கிழக்கே திரும்பினா, கொஞ்ச நேரத்துல கடல் வாசனை வந்துடும். அதுதான் நல்லவாடு. கடல் கொந்தளிப்பா இருந்ததால படகெல்லாம் கரையேறிக் கிடந்த ஒரு சாயங்காலம், அங்கே என் நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லைங்க, பாட்டுச் சண்டை!

நண்பருக்கு 34 வயசு. கடையில காசு கொடுத்து மெமரி கார்டுல பாட்டு ஏத்தி வாங்கின தலைமுறை. தங்கச்சி காலேஜ் செகண்ட் இயர். தங்கச்சி போட்ட பாட்டை அண்ணன் பாதியிலேயே நிறுத்திட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது லிங்கின் பார்க் இல்ல பாப்பா." தங்கச்சி விடலை. "நீ பாட்டைக் கேக்கவே இல்லண்ணா. அதுல இல்லாத ஆளைத் தேடிக்கிட்டு இருக்க."

உங்க வீட்டுலயும், வாட்ஸ்அப் குரூப்லயும் இதே சண்டை ஓடலாம். ரெண்டு பக்கமும் என்ன நியாயம்னு பார்ப்போமா?

முதல்ல கதைச் சுருக்கம்

2000-ல் வந்த 'ஹைப்ரிட் தியரி' ஆல்பம்தான் லிங்கின் பார்க்கை உலகம் முழுக்கக் கொண்டுபோச்சு. மைக் ஷினோடாவின் ராப், செஸ்டர் பென்னிங்டனின் உச்சக்குரல். இந்த ரெண்டும்தான் அவங்க அடையாளம். 2017 ஜூலை 20-ல் செஸ்டர் தற்கொலை செய்துகொள்ள, இசைக்குழு அமைதியாகிடுச்சு. ஏழு வருஷம் கழிச்சு, 2024 செப்டம்பர் 5-ல் 'டெட் சாரா' குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடகியாகவும், காலின் பிரிட்டன் டிரம்மராகவும் சேர்ந்திருப்பதா அறிவிச்சாங்க. நவம்பர் 15-ல் 'ஃப்ரம் ஜீரோ' வந்தது. 11 டிராக், மொத்தமே அரைமணி நேரம் சொச்சம். பிரிட்டன் சார்ட்டில் முதலிடம், அமெரிக்காவின் பில்போர்டு 200-ல் இரண்டாமிடம்.

தலைப்புல ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, 'பூஜ்ஜியத்திலிருந்து'. இன்னொண்ணு, அவங்க குழுவோட முதல் பெயரே 'ஜீரோ'தான்!

பிடிக்கலைங்கிறவங்க என்ன சொல்றாங்க?

"பேரை மாத்தி புதுக்குழுவா வந்திருக்கலாமே" என்பதுதான் பெரிய வருத்தம். அடுத்தது, ஆல்பம் ரொம்பச் சின்னது, பழைய பார்முலாவையே திரும்பச் செஞ்சிருக்காங்க என்பது. எமிலியின் பழைய தொடர்புகள் பத்தியும் கேள்வி எழுந்து, அவர் விளக்கம் கொடுத்தார். அது பாட்டைத் தாண்டின தனி விவாதம்.

பிடிச்சவங்க என்ன சொல்றாங்க?

'தி எம்ப்டினஸ் மெஷின்' பாட்டைக் கவனிங்க. முதல்ல மைக் மட்டும்தான் பாடுவார். நமக்குத் தெரிஞ்ச குரல். காது செட்டிலான பிறகுதான் எமிலி உள்ளே வருவார். வீட்டுக்கு வந்த புது ஆளை, பழைய ஆள் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி! 'ஹெவி இஸ் தி கிரவுன்' பாட்டுல 15 விநாடிக்கு மேல மூச்சு விடாம ஒரு அலறல். "செஸ்டரைக் காப்பியடிக்கலை, அந்த இடத்தை மதிச்சு நிரப்புறாங்க" என்பது இவங்க கட்சி.

காது ஏன் அடம்பிடிக்குது?

ரெண்டு காரணம். டீன் ஏஜிலும் இருபதுகளிலும் பதியுற நினைவுகள்தான் பிற்காலத்தில் அதிகமா ஞாபகத்துக்கு வரும் என்கிறது உளவியல். அப்போ கேட்ட பாட்டு வெறும் பாட்டா இருக்காது. ஸ்கூல் பஸ், முதல் காதல், பரீட்சை பயம் எல்லாம் அதோட ஒட்டிக்கிட்டு வரும். புது ஆல்பம் இத்தனையோடயும் போட்டி போடணும். பாவம்தானே!

ரெண்டாவது, பழக்கம். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சந்திச்சாலே அது பிடிக்க ஆரம்பிக்கும்னு 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். நாம இதைத்தான் "ரஹ்மான் பாட்டு கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்"னு பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம்!

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு

2010-ல் 'எ தவுசண்ட் சன்ஸ்' வந்தப்போ "கிடார் எங்கடா?"னு ரசிகர்கள் கொதிச்சாங்க. இன்னைக்கு அதைத் தூக்கிவெச்சுக் கொண்டாடுறவங்க நிறைய. 2017 மே-யில் வந்த 'ஒன் மோர் லைட்' ஆல்பத்தை "வெறும் பாப்"னு கழுவி ஊத்தினாங்க. ரெண்டே மாசத்துல செஸ்டர் போயிட்டார். அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுதான் அவருக்கான அஞ்சலியா மாறிச்சு. பாட்டு மாறலை. கேட்ட நாம மாறிட்டோம்.

குரல் மாறினா எல்லாம் முடிஞ்சதுன்னும் இல்லை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் வந்த 'பேக் இன் பிளாக்', உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒண்ணு.

அப்போ எப்படிக் கேக்கலாம்?

சிம்பிள். ஷஃபிள் போடாம முழுசா ஒரு தடவை கேளுங்க. கேட்டதும் ஸ்டேட்டஸ் போடாதீங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னும் ரெண்டு தடவை கேளுங்க. அப்பவும் பிடிக்கலையா? தாராளமா சொல்லுங்க, அது உங்க ரசனை. ஆனா, 'பாட்டு பிடிக்கலை'யா, 'அவர் இல்லாதது பிடிக்கலை'யானு மட்டும் பிரிச்சுப் பாருங்க.

ஒரு குரலோட மதிப்பு நல்லவாட்டுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26-ல் சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கையை, இங்கே இருந்த கிராம அறிவு மையத்து லவுட் ஸ்பீக்கர்ல அறிவிச்சுத்தான் சுனாமிக்கு முன்னாடி மக்களை வெளியேத்தினாங்க.

நண்பருக்கும் ஒரு கதை இருக்கு. கிளம்பும்போதுதான் சொன்னார். "ப்ளஸ் டூ படிக்கும்போது அப்பா தவறிட்டார். வீட்டுக்கு மூத்தவன், அழக் கூடாதுன்னாங்க. ராத்திரி கடற்கரையில ஹெட்செட் மாட்டிட்டு நடப்பேன். எனக்குப் பதிலா அந்தாளு கத்துவார்."

தங்கச்சி அப்போ கைக்குழந்தை. அவளுக்கு இது அன்னைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அண்ணனே போனை அவகிட்ட நீட்டினார். "சரி, முதல்லேர்ந்து போடு. முழுசா கேக்குறேன்."

நீங்க கேட்டாச்சா?

(மனசு பாரமா இருக்கா? தனியா சுமக்காதீங்க. டெலி மனஸ் இலவச உதவி எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம்.)