பெட்டியில் வந்த நூலகம்

1910ஆம் ஆண்டு. ஓர் அமெரிக்கர் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார். வியாபாரம் செய்ய வரவில்லை. நூலக வேலைக்கு வந்தார். அவர் பெயர் போர்டன். நியூ ஹேவன் என்ற நகரில் நூலகராக இருந்தவர்.

அவரை அழைத்தவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ். குஜராத்தில் உள்ள வதோதராதான் அன்றைய பரோடா. மன்னர் 1906இல் தம் நாடு முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயம் ஆக்கினார். சம்பளம் கட்ட வேண்டாம். பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். பிறகு என்ன ஆகும்? வயல் வேலைக்குப் போவார்கள். வீட்டில் புத்தகம் இருக்காது. தீட்டாத அரிவாள் போலப் படிப்பு மழுங்கிவிடும். படித்ததை மறக்காமல் இருக்க ஊர்தோறும் புத்தகம் வேண்டும். அமெரிக்காவில் பொது நூலகங்களை மன்னர் நேரில் பார்த்திருந்தார். அதனால்தான் அங்கிருந்து ஆள் அழைத்தார்.

போர்டன் ஆங்கில நூலகத்தில் வேலை செய்தவர். பரோடா கிராமங்களில் மக்கள் பேசியது குஜராத்தி. அங்கே ஆங்கிலப் புத்தகம் யாருக்கு வேண்டும்? அந்த ஊர் மொழியும் மக்களும் தெரிந்த ஆட்கள் தேவை. 1911இல் போர்டன் நூலகர் பயிற்சி வகுப்பு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல் வகுப்பு. புத்தகங்களை எப்படிப் பிரித்து அடுக்குவது, பட்டியல் எப்படி எழுதுவது, இரவல் கொடுத்தால் கணக்கு எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நகரில் மத்திய நூலகம் வந்தது. மன்னர் தம் அரண்மனைப் புத்தகங்களை அதற்குக் கொடுத்தார். கிராமத்தில் நூலகம் வைக்க ஊரார் ஒரு பங்கு பணம் போட வேண்டும். அரசு ஒரு பங்கு, உள்ளாட்சி ஒரு பங்கு போடும். ஊரார் பணம் போட்டதால் அது அவர்கள் சொத்து ஆயிற்று. இது நல்ல ஏற்பாடு.

நூலகம் இல்லாத ஊருக்கு என்ன வழி? மரப்பெட்டிதான் வழி. பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கிப் பூட்டி அனுப்பினார்கள். ஏற்றுகூலியை நூலகத் துறையே கட்டியது. ஊரார் படித்து முடித்ததும் பெட்டி திரும்பிப் போகும். வேறு புத்தகங்களோடு இன்னொரு பெட்டி வரும்.

வெளிநாட்டு வேலை என்றால் பலருக்கும் சம்பாத்தியம்தான் நினைவுக்கு வரும். போர்டன் செய்ததோ தாம் இல்லாமலும் வேலை நடக்க ஆள் பழக்கியது. மூன்றே ஆண்டுதான் இருந்தார். 1913இல் ஊர் திரும்பினார். பெட்டிகள் நிற்கவில்லை. மோதிபாய் அமீன் என்ற ஆசிரியரைப் போன்றவர்கள் கிராம நூலகங்களை வளர்த்தார்கள். வதோதராவில் அந்த மத்திய நூலகம் இன்றும் இருக்கிறது.